உன் மனைவிக்குக் கன்னடம் தெரியும்

சரவணா,

நேற்று உன் சித்தப்பா போன் செய்தார். என் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார், மழை பெய்கிறதா என்று கேட்டார், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேனா என்றுகூடக் கேட்டார். உன் அப்பாவின் தம்பி என்னிடம் இவ்வளவு அக்கறையாகப் பேசினால் பின்னால் ஏதோ வருகிறது என்று எனக்குத் தெரியாதா? வந்தது. "அண்ணி, நீங்க கோர்ட்டுக்கு வந்து பெருசா ஒண்ணும் பேச வேணாம். மலருக்குக் கன்னடம் வராதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். மிச்சத்த வக்கீல் பாத்துப்பாரு. சும்மா எதுக்கு நம்ம வீட்டு மானம் போகணும்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் பதிலை அவரிடம் சொல்லியனுப்ப விருப்பமில்லை. போன மாதம் நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், "என் பொண்டாட்டி எங்க அம்மாவ மயக்கி வச்சிருக்கா" என்று நீ எழுதினாய். சேலத்திலிருந்து பெங்களூர்வரை எல்லோரும் படித்துவிட்டு அழுகிற முகங்களாகப் போட்டார்கள். அதனால் இதையும் அவர்கள் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். முகம் போடுவதற்குமுன் கடைசிவரைக்கும் படிக்கச் சொல்.

நீ கேட்பது என்ன என்பதை முதலில் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். நீ அடித்தாய், வீட்டுக்குள் பூட்டிவைத்தாய் என்று உன் மனைவி போலீஸில் கொடுத்த புகார் கன்னடத்தில் இருக்கிறது. அவள் மேட்டூர்ப் பக்கத்துப் பெண், கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாதவள், ஆகவே இந்தப் புகார் அவள் சொன்னதே இல்லை, யாரோ எழுதி அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பது உன் கட்சி. அதற்குச் சாட்சி நான். ஏனென்றால் ஐந்து வருஷமாக ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். "எங்க மருமகளுக்குக் கன்னடமே வராதுங்க, சுத்தத் தமிழ்" என்று கல்யாண வீட்டில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், காய்கறிக் கடையில் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை நீ பத்திரமாக எடுத்துவைத்திருந்து, இப்போது கோர்ட்டில் காட்ட எடுத்துவருகிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோற்றை ஆக்கிக்கொடு என்று பெற்ற தாயிடமே கேட்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

உனக்குப் பெண் பார்த்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். மைசூரிலேயே நல்ல தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள். மேட்டகள்ளியில் ஒரு டீச்சர், என்.ஆர். மொஹல்லாவில் ஒரு நர்ஸ். எல்லாவற்றையும் தட்டிக் கழித்தாய். "அவளுங்க பேசுறது பாதி கன்னடம்மா. எம் புள்ளைக்கித் தமிழ் எழுதப் படிக்க யாரு சொல்லித் தருவா? தமிழ்நாட்டுப் பொண்ணாப் பாரு" என்றாய். நான் உருகிப்போய்விட்டேன். இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் அம்மாவுக்குக் கன்னடத்தில் பதில் சொல்வதைப் பார்த்துப் பார்த்து வெந்தவள் நான். நீயே ஸ்கூலுக்குப் போகும்போது தமிழில் உன் பெயரைக்கூட எழுதமாட்டாய். அப்படிப்பட்ட பையனுக்கு முப்பது வயதில் இவ்வளவு பற்றா என்று சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தேன். மேட்டூருக்குப் போய் மலரைப் பார்த்தோம். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஷை தெரியாத ஊருங்க, எம் புள்ளை தடுமாறிப் போயிருவாளுங்க" என்று கண் கலங்கியபோது, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன். இப்போது புரிகிறது. நான் எதற்கு இருந்தேன் என்பது உனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

கல்யாணமாகி இரண்டு மாதத்துக்குள் வீட்டை மாற்றினாய். பழைய தெருவில் வாசலில் நின்று தமிழில் கூப்பிட்டால் நாலு வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். புது வீடு ஹெப்பாளைத் தாண்டி, புது லேஅவுட். கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும் என்றாய், நல்ல காற்று என்றாய். அந்த வரிசையில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை என்பதை நான் கவனித்தேன். குறையாகத்தான் கவனித்தேன், உன் கணக்காகக் கவனிக்கவில்லை. பிறகு வீட்டில் தமிழ் மட்டும் என்று சட்டம் போட்டாய். கன்னடச் சேனல்களை எடுத்துவிட்டாய், பேப்பரை நிறுத்திவிட்டாய். நான் வாய் தவறிச் சொப்பு என்றால், "கீரைன்னு சொல்லும்மா" என்று திருத்துவாய். எனக்குச் சிரிப்பாக இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். பெற்ற பிள்ளை தாய்க்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறான் என்று நினைத்தேன். பேத்தி இனியா பிறந்தபிறகு அந்தச் சட்டம் இன்னும் இறுகியது. பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தையைக் கொஞ்ச வந்தால், "தமிழ் கெட்டுப்போகும்" என்று கதவைச் சாத்தச் சொன்னாய். சாத்தினேன்.

மலர் எங்கே போனாலும் நான் கூடவே போனேன். கடைக்காரரிடம் நான் பேசுவேன், ஆட்டோக்காரரிடம் நான் பேசுவேன். "அத்தை இல்லாம அவளால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது" என்று நீ சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். வயதான பிறகு ஒரு வீட்டில் நம் தேவை இருக்கிறது என்றால் யாருக்குத்தான் இனிக்காது? அவளுடைய போனைச் சாயங்காலம் நீ வாங்கிப் பார்ப்பதும், அவள் அம்மாவோடு பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வதும் எனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று இருந்துவிட்டேன். அவள் முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தபோது, மைசூர்க் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்க நான் இங்கே உட்காரவில்லை. அதைக் கேட்க வேண்டியவளிடம் கேட்டாகிவிட்டது. உன்னிடம் சொல்வது வேறு. நான் அவளுக்குத் துணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைக் காவலுக்கு வைத்திருந்தாய். காவலுக்கு நிற்கிறவளுக்கே அது தெரியாமல் பார்த்துக்கொண்டாய். அது எனக்கு ஆறவே இல்லை.

போய்ச்சேர்ந்த உன் அப்பா ஒன்றும் மகான் இல்லை. சம்பள நாளன்று சீட்டாட உட்கார்ந்தால் வீடு மறந்துவிடும். கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். ஆனால் தர்மபுரியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், கன்னடம் ஒரு எழுத்து தெரியாத என்னைத் தேவராஜ மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய்க் கையில் பையைக் கொடுத்து, "போய் வாங்கிட்டு வா, நான் இங்க நிக்கிறேன்" என்று வெற்றிலைக் கடை ஓரமாக நின்றுகொண்டார். நான் கத்தரிக்காயை விரலால் காட்டி, தலையை ஆட்டி, ஏமாந்து, அழுதுகொண்டு திரும்பி வந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னைக்கி அழு. நாளைக்கி நான் லேட்டா வந்தா உனக்கு வழி கேக்கத் தெரியணும்ல?" என்றார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெண்டாட்டிக்கு வழி கேட்கத் தெரிய வேண்டும் என்று நினைத்த மனுஷனுக்குப் பிறந்துவிட்டு, அவள் வழி கேட்டுவிடவே கூடாது என்று நீ எங்கே கற்றுக்கொண்டாய்? வளர்ப்பு சரியில்லை என்று குரூப்பில் யாராவது சொல்வார்கள். அந்தப் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு உன்னை லேசாக விட்டுவிட மாட்டேன். நான் ஊட்டியது சோறு. இது நீயாகத் தேடித் தின்றது.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம். நான் தூங்குகிறேன் என்று மலர் நினைத்திருக்கிறாள். பின்பக்கத்து கேட்டில் பேச்சுக் குரல் கேட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்திலிருந்து கூடையோடு வருகிற கீரைக்காரி புட்டம்மா. "இவத்து சப்சிகே சொப்பு இல்வா அக்கா? அத்தெகெ இஷ்டா" என்று ஒரு பெண் கேட்கிறாள். சதகுப்பைக் கீரை இல்லையா, அத்தைக்குப் பிடிக்குமே என்று. "நாளெ தர்தீனி கணவ்வா" என்கிறாள் புட்டம்மா, நாளைக்குத் தருகிறேன் என்று. பிறகு இருவரும் புட்டம்மாவின் மருமகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, ஆற்றில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றி அரட்டை அடிக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நம் மலர்! வார்த்தைக்கு வார்த்தை தடங்கலே இல்லை. ஐந்து வருஷமாக நான் மொழிபெயர்த்துச் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பெண். முதலில் எனக்கு ரோஷம்தான் வந்தது, என்னிடமே மறைத்துவிட்டாளே என்று. பிறகு சிரிப்பு வந்தது. கெட்டிக்காரி, கீரைக்காரியிடமே ஒரு பாஷையைக் கற்றுவிட்டாளே என்று. பாவி மனம், அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

நீ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கேட்டில் நின்றேன். "டேய், உம் பொண்டாட்டி கன்னடத்துல வெளுத்து வாங்குறாடா. நீகூட அவ்ளோ சென்னாகி, அவ்ளோ நல்லாப் பேச மாட்ட" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை எத்தனையோ முறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு சுளிப்பும் இல்லை. "அப்படியாம்மா? நல்லதுதானே. யாருகிட்டக் கத்துக்கிட்டாளாம்?" என்றாய். புட்டம்மா பெயரையும் நான்தான் சொன்னேன். உள்ளே வந்தாய், காப்பி குடித்தாய், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாய். "அம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை, பூ இல்லையே. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு அப்படியே நடந்துட்டு வாயேன்" என்றாய். போனேன். நான் திரும்பி வரும்போது மலர் சமையலறைத் தரையில் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாம்மா" என்று நீ சொன்னாய். தரை காய்ந்திருந்தது. அப்போதும் நான் உன்னை நம்பினேன். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் எலும்பு விண்டிருக்கிறது என்றார்கள். நீ மருந்து வாங்கப் போன நேரத்தில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்தை, நீங்கதான் சொன்னீங்களா?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள மட்டும் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் என் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நீ ஆபீஸுக்குப் போன நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் உப்புக்குக் கன்னடத்தில் என்ன என்று கேட்டதற்கு, "ஊர் பாஷை தெரிஞ்சா ஊர் மேய ஆரம்பிச்சிருவ" என்று முதல் அறை விழுந்ததாம். கர்ப்பமாக இருந்தபோது செக்கப்புக்கு நீயே லீவு போட்டு அழைத்துப் போவாயே, என்னைக்கூட வரவிடமாட்டாயே, நான் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அங்கே ஒருநாள் டாக்டரம்மா அவள் தோளில் இருந்த கன்றலைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கன்னடத்தில் கேட்டார்களாம். அதற்குள் அவளுக்குப் பாதி புரிய ஆரம்பித்திருந்தது. நீ அவள் பக்கம் திரும்பி, "சாப்பாடு செரிக்குதான்னு கேக்கறாங்க" என்றாயாம். "நான் செரிக்குதுன்னு சொன்னேனுங்க அத்தை. அவரு டாக்டருகிட்ட, எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்கன்னு நான் சொல்றதாச் சொன்னாருங்க" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், பால் கருகிக்கொண்டிருந்தது.

கைக்கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே ஒரு நாள், காலையில் உன் பஸ் தெருமுனை திரும்பியதும் மூன்று பேரும் கிளம்பினோம். யாரும் என்னை மயக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டதே நான்தான். மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். தமிழ்ப் பெண் என்றதும் என்னைப் பார்த்து, "நீவே ஹேளி அம்மா" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்று. பழக்கதோஷம், நானும் வாயைத் திறந்தேன். மலர் என் கையைத் தொட்டாள். "இருங்க அத்தை" என்றாள். பிறகு அந்த அதிகாரியைப் பார்த்து, "நானே ஹேள்தீனி மேடம்" என்றாள். சொன்னாள், சரவணா. முதல் அறையிலிருந்து மணிக்கட்டுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கீரைக்காரியிடம் கற்ற கன்னடம் அல்லவா, கிராமத்து வாடை அடித்தது. நடுவில் அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "மண்டிய கடெயோரா நீவு?" என்று கேட்டார், மண்டியா பக்கத்துக்காரியா என்று. மலர் சிரித்துவிட்டாள். புது வீட்டுக்கு வந்தபிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஐந்து வருஷம் அவளுக்காகப் பேசியவள் அன்றைக்கு ஒரு பெஞ்சின் ஓரத்தில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு நிம்மதியும் இப்படி ஓர் அவமானமும் ஒரே நேரத்தில் எனக்கு வந்ததில்லை.

நீ கெட்டுப்போக வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. பெற்ற வயிறு. நீ சாப்பிட்டாயா என்று இந்த நிமிஷமும் நினைப்பு வருகிறது, வரட்டும். ஆனால் நீ செய்ததற்கு உரியதை நீ அனுபவிக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டும் எனக்குள் சண்டை போடவில்லை. செய்ததைச் செய்தேன் என்று உன் வாயால் சொல். வக்கீல் இல்லாமல், சித்தப்பா இல்லாமல் சொல். அதற்குப் பிறகு உனக்கு ஒரு வாழ்க்கை மிச்சமிருக்கும். மலரைத் திரும்பவும் பெண்டாட்டியாகக் கேட்காதே, அது முடிந்துவிட்டது. இனியாவுக்காவது ஒருநாள் நேர் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு அப்பா வேண்டும். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சித்தப்பா சுற்றிவளைத்துக் கேட்டார். சொல்லமாட்டேன். இன்னொன்று, என் தமிழை விட்டுவிடு. அது நான் தாலாட்டுப் பாடின பாஷை. அதைக் கொண்டுபோய் ஒரு பெண்ணைப் பூட்டிவைத்தாய். எதற்காக என்று கேட்டவர்களுக்கெல்லாம் பற்று என்று சொன்னாய். பெண்டாட்டியை அடிக்கிறவனை ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குப் பிடித்தது எது என்று பார்த்து அதையே எடுத்து அடிக்கிறவனை நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்குச் சொல்லிவிடு, கோர்ட்டுக்கு நான் வருகிறேன். உன் வக்கீல் கூப்பிட்டாலும் சரி, அவள் வக்கீல் கூப்பிட்டாலும் சரி, வருவேன். மலருக்குக் கன்னடம் தெரியாது என்று உன் காகிதத்தில் எழுதியிருக்கிறாய். தெரியும் என்பது உனக்குத் தெரியும் என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான், அதை நீ மறந்துவிட்டாய். அல்லது, அம்மாதானே என்று நினைத்துவிட்டாய். உங்கள் மருமகளுக்குக் கன்னடம் வருமா என்று கேட்பார்கள். வரும், வரும் என்று என் மகனிடம் சொன்னவள் நானே, சொன்ன அன்று சாயங்காலமே என்னைப் பூ வாங்க அனுப்பிவிட்டு அவள் கையை உடைத்தான் என்று சொல்வேன். அந்த ஜட்ஜுக்குப் புரிகிற மாதிரி கன்னடத்தில் சொல்வேன். உனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்காது.

உன்னைப் பெற்றவள்